கிறுகியிருந்த கதிரை

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முதுகுதான். முகம் அதற்குப் பிறகுதான் வரும். சாம்பல் நிற அபாயா, தலையைச் சுற்றிய துணியின் பின்பக்கத்தில் குத்தியிருந்த பச்சைக் குண்டூசி, ஒரு கால் கட்டையான மரக்கதிரை. அந்தக் கதிரை பெரும்பாலும் யன்னலைப் பார்த்தபடியே இருக்கும். யன்னலுக்கு வெளியே மட்டக்களப்பு வாவி.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கிளினிக்குக்கு வருகிற எல்லோரும் "துப்பல் மிஸ்" என்றுதான் சொன்னார்கள். அது அவருக்கும் தெரியும். "தங்கப்பல் மிஸ் எண்டு கூப்பிட என்ட வாயில தங்கம் இல்ல. துப்பல் இரிக்கு. சரியான பேர்தான்" என்பார். ரிப்போர்ட்டின் அடியில் அவர் வைக்கும் கையெழுத்து ஒரு சின்ன அலை எழுந்து விழுந்ததுபோல இருக்கும். அதிலிருந்து ஓர் எழுத்தைக்கூடப் பிரித்தெடுக்க முடியாது. ஆரம்பத்தில் பெயரைக் கேட்கக் கூச்சப்பட்டேன். பழகிய பிறகு, இவ்வளவு நாளும் தெரியாமலா இருந்தாய் என்று நினைத்துவிடுவாரே என்று கேட்கவில்லை. எந்தக் காரியத்திலும் நான் இப்படித்தான்.

என் மகள் அபிக்கு மூன்று வயதில் வலிப்புத் தொடங்கியது. காலையில் ஒரு குளிசை, மாலையில் ஒரு குளிசை. உடம்பில் மருந்து குறைந்தால் வலிப்பு வரும். கூடினால் பிள்ளை தள்ளாடும், தூங்கி வழியும். ஆகவே எவ்வளவு மருந்து உள்ளே நிற்கிறது என்று சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்கு இரத்தம் எடுத்தார்கள். அபியின் நரம்பு நூல்போல இருக்கும். இரண்டு பேர் பிடிக்க ஒருவர் குத்துவார், கிடைக்காது, மற்றக் கையில் குத்துவார். ஒருநாள் அவளுடைய அலறலைக் கேட்க முடியாமல் நான் வெளியே ஓடி, மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் போய் நின்றேன். பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய தாய் ஓடிப்போய் நின்றேன் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் டொக்டர், குத்தாமல் துப்பலிலேயே மருந்தின் அளவைப் பார்க்கும் ஒரு முயற்சி கிளினிக்கில் நடக்கிறது, சேருகிறீர்களா என்று கேட்டார். யோசிக்காமல் ஓம் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நாள் யோசித்தேன்.

"எச்சிலப் போயி ஆராவது சோதிப்பாங்களா? ஏமாத்துறாங்க" என்று மாமி சொன்னது அந்த யோசனையை இன்னும் கூட்டியது.

அதனால் முதல்நாளே மிஸ்ஸிடம் கேட்டுவிட்டேன். "துப்பலில எப்பிடி மிஸ் மருந்து தெரியும்?"

"நீ சோறாக்குறதானே? மூடியில வேர்க்கும் என்ன? அந்தத் தண்ணி எங்கயிருந்து வந்த? பானைக்குள்ள இருந்துதானே. ரத்தத்தில திரியிற மருந்தும் கொஞ்சம் இப்பிடித் துப்பலுக்கு ஊறி வரும். அதை அளந்தா உள்ளுக்க எவ்வளவு எண்டு சொல்லலாம்." பிறகு விரலை உயர்த்திச் சொன்னார்: "ஆனா மூடி துப்பரவா இரிக்கோணும். மூடியில முதலே கஞ்சி ஒட்டியிருந்தா நான் அளக்கிறது கஞ்சியத்தான்."

ஆகவே விதிகள் மிகச் சில. அன்று காலைக் குளிசையைக் கொடுக்காமல் கொண்டுவர வேண்டும். அங்கே வந்து வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். கொப்பளித்த தண்ணீரின் ஈரம் போகும்வரை கொஞ்சம் பொறுக்க வேண்டும். பிறகு கண்ணாடிப் போத்தலில் கீறியிருக்கும் கோடுவரை துப்பலை வடியவிட வேண்டும். அது முடிந்தவுடன் குளிசையைக் கொடுத்துவிடலாம்.

அபி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் குனிந்து நின்று, "துப்புடி, சுறுக்காத் துப்பு, மிஸ் பாத்துக்கொண்டு இரிக்கிறா" என்று கெஞ்சினேன்.

"அதுதான் பிழை" என்றார் மிஸ். "பாத்துக்கொண்டு இருந்தா ஆருக்கும் வராது. எனக்கும் வராது. உனக்கும் வராது."

கதிரையைத் தூக்கி யன்னல் பக்கமாகத் திருப்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "நீயும் கிறுகுகா" என்றார். கிறுகு என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் திரும்பு என்று அர்த்தம்; ‘கா’ உரிமையோடு கூப்பிடுவது. நானும் கிறுகினேன். ஒரு பெரிய மனிசியும் நானும் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்க, எங்களுக்குப் பின்னால் நாலு வயதுப் பிள்ளை போத்தலும் கையுமாகத் தனியே இருந்தது. கீழே போட்டு உடைத்துவிடுவாளோ, வாய்க்குள் வைத்துக் கடித்துவிடுவாளோ என்று எனக்குக் கழுத்துத் திரும்பத் துடித்தது.

"கிறுகாத" என்றார் மிஸ், என்னைப் பார்க்காமலே.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. தோணி ஒன்று யன்னலின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டது. பிறகு பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "மிஸ், கோடு தாண்டிப் போச்சு. குறைக்கவா?"

அவருடைய வேலையே அந்தக் காத்திருத்தல்தான். துப்பலை வாங்குவதற்குச் சிரிப்புக் காட்டுவது, வெருட்டுவது, இனிப்புத் தருகிறேன் என்று ஏமாற்றுவது எதையும் அவர் செய்யவில்லை. கதிரையைத் திருப்பிக்கொண்டு இருப்பார். பிள்ளைக்கு வாய் வறண்டு போயிருந்தால் மட்டும் ஒரு தந்திரம் வைத்திருந்தார். எதையும் தின்னக் கொடுக்கமாட்டார், தின்பதைப் பற்றிச் சொல்லுவார். யன்னலைப் பார்த்தபடி, தனக்குத்தானே பேசுவதுபோலத் தொடங்குவார். பச்சை மாங்காய் ஒன்று. தோலோடு கீறி, உப்பும் கொச்சிக்காய்த் தூளும் பிரட்டி, கொஞ்சம் வெயிலில் வைத்தால் ஓரத்தில் தண்ணி விடும். அந்தத் தண்ணியை முதலில் நக்க வேண்டும். இப்படிச் சொல்லச் சொல்ல எனக்கே நாக்கின் அடியில் ஊறிவிடும்.

ஒரு நோன்பு மாதத்தில் நாங்கள் போனோம். மிஸ் காத்தான்குடியிலிருந்து நோன்போடு வந்திருந்தார். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. அன்றைக்கென்று அபிக்கு வாயில் ஒரு சொட்டும் இல்லை. இன்னொரு நாள் வருகிறோம் மிஸ் என்று நான் எழும்பினேன். அவர் கையால் உட்காரச் சொல்லிவிட்டு, வாவி இறாலும் மாங்காயும் போட்டு வைத்த புளியாணத்தைப் பற்றித் தொடங்கினார். இறாலின் தலையை ஏன் கழற்றக் கூடாது, தேங்காய்ப் பாலை எப்போது விட வேண்டும், சட்டியை இறக்கி எவ்வளவு நேரம் மூடி வைக்க வேண்டும் என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். இடையில் அவருடைய தொண்டை அசைவதைப் பக்கத்தில் நின்று நான் கண்டேன்.

அபி கேட்டாள். "மிஸ், உங்களுக்கும் ஊறுதா?"

"ஊறுது கிளி."

"துப்புவீங்களா?"

"இல்ல. என்ட துப்பல நான் விழுங்கினா நோன்பு முறியாது. நீதான் உன்ட துப்பல விழுங்காம இதுக்குள்ள தரோணும்."

அபி பெருமையோடு போத்தலைப் பிடித்தாள். தான் விழுங்காமல் இருப்பதும் ஒரு நோன்பு என்று அன்று முழுக்க எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வயதானவர்களுக்கு வேறு பிரச்சினை. ஒருநாள் எங்களுக்கு முன்னால் இருந்த கமக்காரர், மிஸ்ஸைப் போல ஒருவருக்கு முன்னால் துப்புவது மரியாதையில்லை என்று பிடிவாதமாக நின்றார்.

"அதுக்குத்தானே அண்ணே நான் கிறுகி இரிக்கன்."

"கிறுகினாலும் நீங்க இரிக்கிறீங்கதானே மிஸ்."

கடைசியில் ஒருவழியாகத் துப்பினார். போத்தல் இரத்தம்போலச் சிவந்தது. வெற்றிலையை அறை வாசல்வரை மென்றுகொண்டு வந்திருக்கிறார். "வெத்தில இல்லாட்டி எனக்கு ஊறாது மிஸ்" என்றார் அப்பாவியாக. மிஸ் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வடிவான நிறம். ஆனா மருந்து தெரியாது" என்று சொல்லி, அவரை மூன்று தரம் கொப்பளிக்க வைத்து, மதியம்வரை வெளியே மரவாங்கில் இருத்தினார்.

இதையெல்லாம் எல்லோரும் ரசித்தார்கள் என்று சொல்லமுடியாது. வெளியே வரிசை நீளும். "மிஸ் உள்ளுக்க நித்திரையோ?" என்று யாராவது உரத்துக் கேட்பார்கள். ஒருநாள் எங்களுக்கு மத்தியான பஸ் தவறி, வெயிலில் அபியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கையில் எனக்கும் அவர்மேல் கோபம் வந்தது. அவர் யாருக்காகவும் சுறுக்காக முடிப்பவர் இல்லை. அதற்காக மன்னிப்புக் கேட்பவரும் இல்லை.

இப்போது அந்தப் பாதிக் குளிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் மண்டூர். வழக்கமாக என் கணவர்தான் எங்களை மோட்டார் சைக்கிளில் தரைவழியாகக் கொண்டுபோவார். அந்தத் தரம் வயல் வெட்டு. அவர் விடியுமுன்னே வட்டைக்கு, வயல்வெளிக்குப் போய்விட்டார், வெட்டு மெசின் அன்றைக்குத்தான் கிடைத்தது. நானும் அபியும் வாவியைப் பாதையில் கடந்து, அக்கரையில் பஸ் எடுக்க வேண்டியிருந்தது. பாதை என்று எங்கள் ஊரில் சொல்வது ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் அந்தத் தட்டையான படகை.

புறப்படும்போது மாமி சொன்னார். "தண்ணியக் கண்டாலும் நெருப்பக் கண்டாலும் அந்த வலிப்பு கட்டாயம் வரும் புள்ள. பாதையில ஏத்தாத."

நான் படித்தவள். உயர்தரத்தில் விஞ்ஞானம் செய்தவள். தண்ணீருக்கும் வலிப்புக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். வலிப்பு வருகிறவர்கள் தண்ணீருக்குப் பக்கத்தில் விழுந்தால் ஆபத்து என்பதுதான் உண்மை என்றும் தெரியும். அதையே நினைத்துக்கொண்டு துறைவரை நடந்தேன். துறையில் நின்று அந்த அகலமான தண்ணீரைப் பார்த்தேன். நடு வாவியில் வந்துவிட்டால்? அபிக்குத் தடிமன் வேறு, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகச் சோர்ந்திருந்தாள். பையில் காலைக் குளிசை இருந்தது. துப்பல் எடுத்த பிறகு கொடுக்க வேண்டியது. அவளுக்குச் சாப்பிடக் கொண்டுவந்த தயிரும் சீனியும் இருந்தன. குளிசையை இரண்டாக உடைத்தேன். ஒரு பாதியைத் தூளாக்கித் தயிரில் குழைத்து ஊட்டினேன். மற்றப் பாதியைத் திரும்பத் தாளில் சுற்றி வைத்தேன்.

வாவி அமைதியாகத்தான் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

மிஸ் வழக்கம்போலக் கேட்டார். "காலையில குளிசை குடுத்தியா?"

"இல்ல மிஸ்" என்றேன்.

அபியின் உடுப்பில் தயிர் காய்ந்திருந்தது. மிஸ் அதைப் பார்த்தார். கொப்பளிக்கத் தண்ணீரை நீட்டினார். தடிமனால் அபி ஒழுங்காகக் கொப்பளிக்கவும் இல்லை. தண்ணீரை இரண்டு தரமும் விழுங்கிவிட்டாள். துப்பலைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து மற்றப் பாதிக் குளிசையைக் கொடுத்தேன். கணக்குச் சரி, அளவு மாறவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மிஸ் போன் எடுத்தார். "நாளைக்கு நீ மட்டும் வா. புள்ளயக் கொண்டு வராத."

மறுநாள் போனபோது மேசையில் அபியின் ரிப்போர்ட் இருந்தது. அடியில் அந்த அலைக் கையெழுத்து இல்லை. மிஸ் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"போன நாலு தரமும் ஒரே மாதிரி. இந்தத் தரம் எங்கயோ ஏறிப் போயிரிக்கு. இதை டொக்டரிட்டக் குடுத்தா என்ன செய்வார்?"

"குளிசையக் குறைப்பார்."

"குறைப்பார். புள்ள சோர்ந்திருந்ததும் எழுதியிரிக்கு. ரெண்டும் பொருந்துது. சந்தேகமே வராது அவருக்கு."

குளிசையைக் குறைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு மாதமாக அவளுக்கு வலிப்பு இல்லை. கண் மேலே சொருகி, தாடை இறுகி, நீலமான உதட்டோடு அவள் கிடந்த நாள்கள் திரும்ப வரும். என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் நான் பொய் சொன்னவள். பிள்ளைக்கு மருந்துகூட ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாத தாய். இனி இங்கே எடுக்கமாட்டோம், இரத்தமே எடுங்கள் என்று சொல்லிவிட்டால்?

மிஸ் என்னிடம் எதையும் கேட்கவில்லை. எழும்பினார். கதிரையைத் தூக்கி யன்னல் பக்கம் திருப்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளியே ஒரு கம்பில் நீர்க்காகம் சிறகை விரித்துக்கொண்டு இருந்தது. உள்ளே அந்தப் பச்சைக் குண்டூசி. வரிசையில் யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் அசையவில்லை.

"மிஸ்" என்றேன். "பாதையில ஏறக்குள்ள பாதி குடுத்தன்."

அவர் கிறுகவில்லை. "எத்தின மணிக்கு?"

"ஆறேகால் இரிக்கும். தயிரில குழைச்சு."

"ஏன்?"

"தண்ணியக் கண்டா வலிப்பு வரும் எண்டு மாமி சொன்னா."

"நீ நம்பினியா?"

"நம்பல்ல மிஸ்."

அப்போதுதான் கதிரையோடு திரும்பினார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "நம்பியிருந்தா முழுசாக் குடுத்திருப்ப. நம்பாட்டி குடுத்தே இரிக்கமாட்ட. இது பாதி."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளினார்.

"மூடியில கஞ்சி" என்றார். "நான் அளந்தது கஞ்சியத்தான். நாளண்டைக்குப் புள்ளயக் கூட்டி வா. குளிசை கையில இரிக்கட்டும், வாயில வேணாம்."

அவர் பேனையை எடுத்ததும் எனக்குத் திரும்பவும் பயம் பிடித்தது. "மிஸ், இதை எழுத வேணாமே. போத்தல் உடைஞ்சி போச்சு எண்டு..."

"எழுதத்தான் வேணும்கா" என்றார். குரலில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை.

நாளண்டைக்கு, அதாவது இரண்டு நாள் கழித்து, திரும்பவும் அதே துறை, அதே தண்ணீர். கணவர் இன்னும் வட்டையில். தாளில் சுற்றிய குளிசை என் உள்ளங்கையில் நனைந்துகொண்டிருந்தது. பாதை நடு வாவிக்கு வந்தபோது அபி கம்பிக்குள்ளால் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். நான் ஒரு கையால் அவளுடைய சட்டையையும் மற்றக் கையால் தாடையையும் பிடித்திருந்தேன். தாடை இறுகினால் முதலில் எனக்குத் தெரிய வேண்டும்.

"அம்மா, என்ட நாடிய விடு" என்றாள் அபி. "மிஸ்ஸுக்குத் துப்பல் சேத்து வெச்சிரிக்கன். வாய் திறந்தா கொட்டிரும்."

அதைச் சொன்னபோதே பாதி கொட்டிவிட்டது. பக்கத்தில் சைக்கிளோடு நின்ற மனிதர் சிரித்தார். அக்கரை வந்தது.

இந்தத் தரம் அளவு பழைய இடத்தில் வந்து நின்றது. கிளினிக் நாளில் டொக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் வாசித்தார். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து நானும் தலைகீழாக வாசித்தேன். முதலாவதில் மிஸ் எழுதியிருந்தார்: இந்த மாதிரி செல்லாது. எடுப்பதற்கு முன் அரைக் குளிசை கொடுக்கப்பட்டது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி: தாய் தானாகவே சொன்னார்.

டொக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அடுத்த தரம் கவனம் அம்மா" என்றார். குளிசையை அப்படியே தொடரச் சொல்லி கிளினிக் கொப்பியில் எழுதினார்.

தானாகவே என்ற அந்தச் சொல்லை நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். உடுப்பில் தயிரைப் பார்த்த அன்றே அவருக்குத் தெரியும் என்று சிலவேளை நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அன்றே கேட்டிருக்கலாமே என்றும் நினைக்கிறேன். கேட்டிருந்தால் நான் இன்னொரு தரமும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த வருடம் அந்த முயற்சி முடிந்துவிட்டது. அறை வேறு எதற்கோ போனது. மிஸ் மாற்றலாகி எங்கோ போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று, பெயர் தெரியாமல் எப்படிக் கேட்பது? இப்போது திரும்பவும் இரத்தம்தான் எடுக்கிறார்கள். அபிக்கு ஒன்பது வயது. அழுவதில்லை, கையை நீட்டிவிட்டு மற்றப் பக்கம் பார்ப்பாள்.

குளிசையை இப்போது அவளே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். போன கிழமை அவளுடைய பள்ளிக்கூடச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பொக்கற்றில் இரண்டு குளிசை கிடந்தன. கத்த வேண்டும்போல இருந்தது. காட்டிக் கேட்டால் தெரியாது என்பாள். நான் அவளுடைய வயதில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவளை விட வயது கூடியும் அப்படித்தான் சொன்னேன்.

இரண்டு குளிசையையும் குசினி மேசையில் அவளுக்கு முன்னால் வைத்தேன். பிறகு கிறுகி நின்று தேங்காய் துருவத் தொடங்கினேன்.

பாதித் தேங்காய் முடிந்தது. பின்னால் கதிரை ஒருமுறை நிலத்தில் உராய்ந்தது.

"அம்மா, நீ துப்பல் மிஸ் மாதிரி நிக்கிற."

"ஓம்" என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் துருவினேன். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ரெண்டு இல்லம்மா. அஞ்சு."

நான் உடனே திரும்பவில்லை. இன்னும் ஏதோ வரும்போல இருந்தது.